தொய்வு

ஆரணி
8 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஹேமா எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் ஏதோ இருக்கிறோம். கோத்தகிரிக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பள்ளியில் உன்னைப் படுத்தாமல் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்காமல் கடிதத்தைத் தொடங்கினால் அம்மா தலையில் குட்டியிருப்பாள். அவளுக்காகக் கேட்டுவிட்டேன். பதில் எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ எடுத்தால்தானே. எடுத்தாலும் பேச முடியாது, போன் இப்போது அப்பா தலைமாட்டில் இருக்கிறது. யார் பேசினாலும் "யாரு, திலகாவா?" என்கிறார். பால்காரர் பேசினாலும் அதே கேள்விதான். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இதயம் நூற்றுக்கு முப்பதுதான் வேலை செய்கிறதாம். தீபாவளியைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "திலகா ஒரு தடவ வந்து நம்ம பியானோல வாசிச்சுட்டு போவட்டும். அப்பறம் நான் போயிகினே இருக்கேன்" என்றார். அம்மா காரியத்துக்கு ஒரு நாள் வந்துபோனாய். பதினைந்து வருடம் ஆகிறது. அவர்மேல் உனக்கு இருக்கிற கோபம் எனக்குத் தெரியும். இருந்தாலும் வா.

இன்னொன்று, என் தொழில் சங்கதி. பதினொரு பிள்ளைகள் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து பியானோ கற்றுக்கொள்கிறார்கள். ஆரம்பப் பாடக்காரர்களால் தொல்லையில்லை, ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை. மூன்றாம் கிரேடு தாண்டிய நாலு பேர்தான் பேஜார். கை தாவ வேண்டிய பாட்டு வந்ததும் நாலு பேருக்கும் தோள் காதுவரை ஏறுகிறது, சுண்டுவிரல் கொக்கியாக நிற்கிறது. "தளர்வா வை" என்று கத்துகிறேன். கத்தக் கத்த இறுகுகிறார்கள்.

அவர்களில் அன்புச்செல்வி என்று ஒரு பெண். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் எல்லப்பனின் மகள். வயது பன்னிரண்டு, சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளுக்கு இருக்கிற காது எனக்குக்கூடக் கிடையாது. நவம்பரில் வேலூரில் நாலாம் கிரேடு பரீட்சை. போன வாரம் பாட்டு முடிந்த நொடியில் கையை வெடுக்கென்று எடுத்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்றேன். "இல்லீங்க மிஸ்" என்றாள். நீயும் அப்படித்தான் சொல்வாய்.

என்ன செய்யட்டும், சொல்.

உன் தங்கை,
ஹேமலதா

*

கோத்தகிரி
21 ஜூன் 2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். பள்ளியில் என்னை யாரும் படுத்தவில்லை, நான்தான் படுத்துகிறேன். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. விரல் விறைக்கிற குளிர். விடுதி நர்ஸ் ஜெயம் நம் பக்கத்துப் படவேட்டுக்காரி, நான் சொல்ல அவள் எழுதுகிறாள். என்னைத் திட்டுவதானால் அவள் படிக்கும்படியாகத் திட்டு.

அப்பாவைப் பார்த்துக்கொள். பள்ளி இப்போதுதான் திறந்திருக்கிறது. வருவது பற்றிப் பிறகு பார்க்கலாம்.

அந்தப் பிள்ளைகள் விஷயம். முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடு. தளர்வாக வை என்றால் பிள்ளை அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு மும்முரமாகச் செய்யும். மும்முரமாகத் தளர முடியாது. வாயால் சொல்லாமல் கையால் காட்டு. அவள் முழங்கையையும் மணிக்கட்டையும் உன் கைகளில் வாங்கிக்கொள். தூங்குகிற குழந்தையின் கை எப்படிக் கனக்கும், அந்தக் கனம் உனக்கு வர வேண்டும். பிறகு உன் கையை எடு. அவள் கை மடியில் விழ வேண்டும். விழாமல் அந்தரத்தில் நின்றால், அவள் இன்னும் உன்னை நம்பவில்லை என்று பொருள். நம்புகிறவரை பியானோவைத் திறக்காதே.

அதன்பின் அந்தக் கனத்தோடு நடுவிரலால் ஒரே ஒரு கட்டை. ஓசை வந்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டைக்கு அடி என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே அது போகாது. ஓசை வந்த பிறகும் பிள்ளைகள் அழுத்திக்கொண்டே இருப்பார்கள். வலியெல்லாம் அங்கேதான் ஆரம்பம். ஒரு வாரத்துக்கு இது மட்டும் போதும். பெற்றோர் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்.

களம்பூர்ப் பெண் வீட்டில் எதன்மேல் உட்கார்ந்து வாசிக்கிறாள்? அவளிடம் கேட்காதே, சரியாக இருக்கிறது என்பாள். நேரில் போய்ப் பார்.

அன்புடன்,
திலகவதி

*

ஆரணி
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் முன்போலவே. டீச்சரம்மாவுக்கு எழுத்தர் வந்துவிட்டார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். ஜெயத்துக்கு என் அன்பு, அவர் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் வருடக்கணக்காகிறது.

களம்பூருக்குப் போனேன். எல்லப்பன் வீடு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது, லாரி போனால் தட்டு குலுங்கும். யாரோ வேண்டாம் என்று கொடுத்த கீபோர்டைத் தகரப்பெட்டிமேல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்துவிடும் என்று பெட்டியை நாலு செங்கல்மேல் ஏற்றியிருக்கிறார்கள். பெண் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறாள். கட்டைகள் அவள் மார்பு உயரத்தில். அலமாரியில் டப்பா எடுக்கிறவள் மாதிரி தோளைத் தூக்கிக்கொண்டு ஒரு வருடமாக வாசித்திருக்கிறாள், அக்கா. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தோளை இறக்கு, தோளை இறக்கு என்று கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மூலையில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார வைக்கலாம் என்றேன். அவள் அம்மா காத்தாயி பதறிப்போய், "அரிசி மேல உக்காரக்கூடாதுங்க மிஸ்" என்று மில்லிலிருந்து ஓர் உமி மூட்டையைக் கொண்டுவந்து போட்டாள். அமர்ந்ததும் முழங்கை சரியான உயரத்துக்கு வந்தது. டீ கொடுத்தாள், குடித்தேன். நான் குடிப்பேனா என்று வாசல்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை இன்னும் விழவில்லை. நான் பிடித்திருக்கும்போது கனக்கிறது. விட்டதும் நிற்கிறது. அவளுக்கே தெரியவில்லை, "நான் ஒண்ணும் பண்ணலீங்க மிஸ்" என்கிறாள்.

அப்பா தினமும் கேட்கிறார். ஆடியில் வருவாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஹேமா

*

கோத்தகிரி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

நலம். உமி மூட்டை நல்ல காரியம். காத்தாயி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கை விழாததற்குக் கவலைப்படாதே, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவள் வாசிக்கும்போது பேச்சுக் கொடு. காலையில் என்ன சாப்பிட்டாய், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று கேள். தாடை இறுகியிருந்தால் பதில் வராது. பதில் வரும் வேகம் எதுவோ அதுதான் அவளுடைய வேகம். அதற்குமேல் விரட்டாதே.

இடது கையில் ஒரே கார்டின் மூன்று சுரங்களை உடைத்து உடைத்து வாசிக்கிற இடத்தில்தான் இந்தக் கட்டத்துப் பிள்ளைகள் சிக்குவார்கள். விரலை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பார்கள். விரலை மறந்துவிடச் சொல். குழாயைத் திருகுவதுபோல முன்கை இரண்டு பக்கமும் லேசாகப் புரளட்டும், விரல் கூடவே வரும். ஒவ்வொரு வரி முடிவிலும் மணிக்கட்டு மேலே போய் மூச்சோடு கீழே வரட்டும். மணிக்கட்டு இறங்கலாம், ஹேமா. அது இறங்கத்தான் வேண்டும். இறங்காத மணிக்கட்டு ஒரு நாள் பழிவாங்கும்.

ஆடியில் வர முடியாது. காலாண்டுத் தேர்வு, அதன்பின் ஆண்டு விழா. அப்பாவிடம் பொய் சொல்லாதே.

பியானோவுக்கு மேலே விட்டத்தில் ஓர் ஆணி இருந்ததே, இன்னும் இருக்கிறதா?

திலகவதி

*

ஆரணி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது. கட்டிலைக் கூடத்துக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம், பியானோ கேட்கவேண்டுமாம்.

நல்ல சேதி ஒன்று. நேற்று அன்புச்செல்வியின் கை விழுந்தது. பொத்தென்று மடியில். அவளே திகைத்துப்போய் அதைப் பார்த்தாள். பிறகு அந்த உடைந்த கார்டு பகுதியை வாசித்துக்கொண்டே, பஸ்ஸில் ஒரு கிழவி கோழியோடு ஏறின கதையை எனக்குச் சொன்னாள். வாயும் ஓடுகிறது, கையும் ஓடுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என்ன என்று தோன்றியது.

உடனே உள்ளே இருந்து அப்பா, "யாருது அது, கை தொளதொளன்னு கீது? தறியில பாவு நூலு தொய்ஞ்சா சேலை வருமா?" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண்ணின் தோள் சடாரென்று ஏறியது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நீ வரப்போவதில்லை என்று எனக்குப் புரிகிறது. இனி நச்சரிக்கவில்லை. ஒன்று மட்டும் செய். பத்து நிமிடம் வாசித்துப் பதிவு பண்ணி அனுப்பு. போன் வேண்டாம் என்றால் பென்டிரைவில் போட்டுத் தபாலில் அனுப்பு. கூடத்து ஸ்பீக்கரில் போட்டு அவருக்குக் கேட்க வைக்கிறேன். நீ அவர் முகத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை.

ஹேமா

*

கோத்தகிரி
6 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய ஹேமலதா அக்காவுக்கு,

ஜெயம் எழுதுவது. நீங்களும் பெரியவரும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன். டீச்சருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் என்னோடு பேசமாட்டார்கள்.

வாசித்து அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதத்தை டீச்சர் நாலைந்து நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தார்கள். அவர்களால் வாசிக்க முடியாதுங்க. வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. பேனா பிடித்தாலும் அப்படித்தான். குளிரால் இல்லை. நான் வந்து ஏழு வருடமாகிறது, அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இடது கையால் வாசித்துக் காட்டி, மீதியை வாயால் சொல்லித்தான் பாடம் எடுக்கிறார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள்தான் இங்கே எல்லாப் பரிசும் வாங்குகிறார்கள்.

பெரியவருக்குத் தெரிய வேண்டாம் என்று பல தடவை சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஜெயம்

*

கோத்தகிரி
16 செப்டம்பர் 2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

நலம். அப்பாவுக்கு உப்பைக் குறை.

கேட்டபடி பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம். பள்ளியில் பதிவு செய்தது, நடுவில் ஒரு நாய் குரைக்கும். அப்பாவுக்குப் போட்டுக் காட்டு. நான்தான் என்று சொல்.

அன்புச்செல்வியின் கை விழுந்ததைப் படித்தபோது, ஜெயத்தை அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். இனி அவளை விட்டுவிடாதே. பரீட்சை நெருங்கும்போது பழைய கை திரும்பி வரும். வந்தால் பாட்டை விட்டுவிட்டு மறுபடி கையில் ஆரம்பி. பரீட்சை அடுத்த வருடமும் வரும்.

ஆணி பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

திலகவதி

*

ஆரணி
20 அக்டோபர் 2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பென்டிரைவ் வந்த அன்றே அப்பாவுக்குப் போட்டேன். நீ சொன்னபடியே திலகா வாசித்தது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஜெயம் எனக்கு எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு நிமிடமும் கேட்டார். முடிந்ததும், "நல்லாதான் கீது. ஆனா இது திலகா இல்ல" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "திலகா வாசிச்சா ஒவ்வொரு இழையும் முறுக்கா நிக்கும். இது காத்துல காயப்போட்ட துணி மாதிரி கீது. எம் பொண்ணு கை அப்டி தொங்காது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நடந்தது அதோடு முடியவில்லை. நான் கடைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, சீக்கிரமே வந்து காத்திருந்த அன்புச்செல்வியை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். தன் பெரிய மகள் எப்படிப் பழகினாள் என்று விளக்கிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் பெண் முழுக்கை ஜாக்கெட்டோடு வந்தாள். அப்போதும் தெரியவில்லை. நேற்று கையைக் கனம் பார்க்கப் பிடித்தபோது ஐயோ என்றாள். துணியை விலக்கினால் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

அன்றைக்கே களம்பூர் போனேன். கூரைக் கழியில் நைலான் கயிறு. ஒரு முனை பிள்ளையின் மணிக்கட்டுக்கு, மறு முனையைக் காத்தாயி உட்கார்ந்து பிடித்திருக்கிறாள். மில் வேலை முடிந்து வந்து, சோறு ஆக்குவதற்கு முன் ஒரு மணி நேரம். "பெரியவர் சொன்னாருங்க. அப்டி பழகித்தான் அவங்க பொண்ணு பெரிய ஆளாச்சுன்னாரு. புள்ளைக்கு வலிக்குமேன்னு மெதுவாதாங்க இழுத்தேன்" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை. கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். பெண்ணின் கை மறுபடி அந்தரத்தில் நிற்கிறது. விழமாட்டேன் என்கிறது.

அக்கா, நானும் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

ஆணியைப் பற்றி நீ கேட்டதற்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயது, உனக்குப் பன்னிரண்டு. பியானோ கற்றுக்கொள்ள வைத்திருந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்தை அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தில் கை நேராக இருந்தது, அதைத்தான் பார்த்தார். தறியில் நாற்பது வருடம் உட்கார்ந்தவருக்குத் தொய்வு என்றால் குற்றம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. தறிக்கயிற்றை ஆணியில் போட்டு ஒரு முனையை உன் கையில் கட்டி மறுமுனையை என்னிடம் கொடுத்தார். கை இறங்கினால் இழு என்றார். கை இறங்காதபோதும் நான் இழுத்தேன். நீ திடுக்கிடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் நீ சத்தம் இல்லாமல் அழுதுகொண்டே வாசித்தாய். அன்றைக்கும் சிரித்துக்கொண்டே இழுத்தேன்.

அம்மா காரியத்துக்கு வந்தபோது முந்தானையை வலது கையில் சுற்றிக்கொண்டே இருந்தாய். குளிர் என்றாய். ஆரணியில், மே மாதத்தில். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

உன் கை அப்படி ஆனது என்னாலா? எனக்கு அது தெரிய வேண்டும்.

ஹேமா

*

ஆரணி
18 நவம்பர் 2024

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் பதில் வரவில்லை. பள்ளிக்கு இரண்டு முறை போன் செய்தேன், வகுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்பதாம் தேதி ஜெயத்துக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. ஆகவே உனக்குத் தெரியும். என்றாலும் முறைப்படி எழுதவேண்டியது என் கடமை. அப்பா ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போய்விட்டார். மாலை நாலு மணிவரை உனக்காக வைத்திருந்தோம். கொள்ளி என் வீட்டுக்காரர்தான் வைத்தார்.

கடைசி இரண்டு நாள் நினைவு வந்து வந்து போனது. என்னைச் சில நேரம் அம்மா என்று நினைத்துப் பேசினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று தெளிவாக என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஹேமா, கயித்த உட்றாத. அவ கை எறங்குது பாரு" என்றார்.

"அப்பா, நாம் செய்தது தப்பு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடத்தில் அதைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் கிடைத்தது. அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "புடிச்சிகினுதாம்பா இருக்கேன்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு தூங்கிப்போனார்.

இருபத்து மூன்றாம் தேதி அன்புச்செல்விக்குப் பரீட்சை. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. காரியம் முடிவதற்குள் வாசல் தாண்டக்கூடாது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தாண்டப்போகிறேன். அவள் கை இப்போது பாதி விழுகிறது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் படத்துக்கு மாலை போட்டு பியானோமேல் சாய்த்து வைத்திருக்கிறோம். அந்த ஆணியில் மாட்டலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் விடவில்லை.

ஹேமா

*

கோத்தகிரி
4 டிசம்பர் 2024

ஹேமாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இது என் எழுத்துதான், இடது கை. எழுத்துப் பெரிது, அதனால் கடிதம் சிறிது. இதை ஜெயத்தைக் கொண்டு எழுத மனம் வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். இருபத்தொன்பது வயதில் விரல் மடங்க ஆரம்பித்தது. மூன்று டாக்டர்களிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். மூன்று பேரும் காரணம் சொல்ல முடியாது என்றார்கள். உன்னால் இல்லை என்று எழுத ஆசைதான். தெரியாததை எழுத மாட்டேன். உன்னை நான் வெறுத்த வருடங்கள் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் நீ பிடித்தது ஒரு வருடம்தான், ஹேமா. உனக்கு அலுத்துப்போய்த் தெருவில் விளையாடப் போய்விட்டாய். அதற்கப்புறம் ஏழு வருடம் கயிற்றை ஆணியில் நானே கட்டிக்கொண்டு வாசித்தேன். அப்பா சொல்லவில்லை. அது இல்லாமல் வாசிக்க எனக்குப் பயமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் கையைப் பார்த்து அப்பா உடைந்துபோவார், அதனால்தான் வரவில்லை என்று ஜெயத்திடம் சொல்லிவைத்திருந்தேன். அது பொய். என் கையைப் பார்த்தும் அவர் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் வரவில்லை. ஒன்பதாம் தேதி பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை போனேன். அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

நீ அவரிடம் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பென்டிரைவில் வாசித்தவள் பெயர் கன்னியம்மா. இங்கே தேயிலைத் தோட்டத்துப் பெண். நாலு வருடம் என்னிடம் படித்தாள். அவள் கை இறுகி நான் பார்த்ததே இல்லை. அப்பா கேட்டுவிட்டு நல்லாதான் கீது என்றாராமே. என் வேலையைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். எனக்கு அது போதவில்லை. ஆனால் அதற்குமேல் கிடைக்கவும் போவதில்லை.

அன்புச்செல்வி பாட்டு முடிந்ததும் கையைப் பாவாடைக்குள் ஒளிக்கிறாள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். பரீட்சையில் என்ன வாங்கினாள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு இனி இதைச் சொல்லிக்கொடு. கடைசி ஓசை அடங்கும்வரை கை கட்டையிலேயே கிடக்கட்டும். அடங்கினதும் எடுத்து மடியில் வைக்கட்டும், எல்லோரும் பார்க்கும்படி. ஒளிக்க வேண்டாம்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். ஆணியைப் பிடுங்கிவிடு. பொங்கலுக்கு நான் வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது.

திலகா